உன்னைப் பெண் பார்க்க வந்த மோட்டார் சைக்கிள்

என் பிள்ளைக்கு,

முதல் வரியைக் கண்டதுமே "அம்மா தொடங்கிட்டா" என்று நீ சிரிப்பாய். சிரி. வரும் சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு இரண்டு பேரும் ஸ்டுட்கார்ட் போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு நான் தொடங்கினால் நிறுத்துவதற்கு நீ பக்கத்தில் இருக்கமாட்டாய். வாயால் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நம் வீட்டில் இப்போது யாராவது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிகிறதா? குசினிக்குள் பலகாரச் சட்டி, அறைக்குள் சேலைக் குவியல், தொலைபேசியில் கனடாவும் லண்டனும் மாறி மாறி. அதனால் முதியோர் இல்லத்துச் சமையலறையில் என் காலை வேலையை முடித்துவிட்டு, அங்கேயே யன்னலோரத்து மேசையில் இருந்து எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமென்றாலும் காட்டலாம். உன் மாப்பிள்ளை முகுந்தனுக்குக் காட்டு, அவருடைய அம்மா அப்பாவுக்குக் காட்டு. "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை சனத்துக்கும் காட்டினாலும் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

அவர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அன்று நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். நீ கீழே முற்றத்தில் நின்றபோது மேலே என்ன நடந்தது என்று அன்றே குசினிக்குள் வைத்து என்னைக் கேட்டாய். நான் "சும்மா கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்" என்று சொல்லி உன் பேச்சை வெட்டிவிட்டேன். சும்மா கதைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசி, உன் பட்டறை ஓடிவிடாது.

நீ கிண்டர்கார்டனுக்குப் போகிற வயதில் குளிர்காலத்துக் காலைகளில் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போவோம். பேர்லின் நொய்கெல்ன் தெருக்களில் பஸ் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிற்கும். நிற்கும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி தடதடக்கும், இருக்கை நடுங்கும், என் மடியில் இருக்கும் உன் கன்னம்கூட ஆடும். பஸ் ஓடத் தொடங்கினால் எல்லாம் அடங்கிவிடும். "அம்மா, ஏன் நிக்கேக்க மட்டும் நடுங்குது?" என்று ஒருநாள் கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? வேலைக்குப் பிந்திவிட்டது என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "பஸ்ஸுக்குக் குளிருது பிள்ளை." நீ அதை நம்பி, கழுத்தில் கட்டியிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி யன்னல் கம்பியில் சுற்றிவிட்டாய். நாங்கள் இறங்கியபோது அது பஸ்ஸோடு போய்விட்டது. புதுச் சால்வை. உனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. ஏசினது நினைவிருக்கும், ஏன் ஏசினேன் என்று நினைவிருக்கிறதோ தெரியாது.

அந்தக் கேள்வி உன்னை விட்டுப் போகவில்லை என்பது, நீ பள்ளிக்கூடம் முடித்து நல்ல பெறுபேறோடு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் இருந்தால் டொக்டருக்குப் படி, எஞ்சினியருக்குப் படி என்று தலைமேல் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள். நானும் ஆடத்தான் தயாராக இருந்தேன். நீ மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறை ஒன்றில் ஔஸ்பில்டுங் கிடைத்துவிட்டது, தொழில் பழகப் போகிறேன் என்று ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். கடவுளே, நான் போட்ட சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார். "இதுக்கோ உன்னைக் கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனான்? ஆம்பிளையளோட நிண்டு சில்லுக் கழட்டுறதுக்கோ?" அப்பா வழக்கம்போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நீ அழவில்லை, எதிர்த்துக் கதைக்கவுமில்லை. "திங்கட்கிழமை தொடங்குது அம்மா" என்று மட்டும் சொன்னாய். உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது என்று அப்பா பிறகு சொன்னார். அவருக்கும் ஏச்சு விழுந்தது.

ஒருநாள் நீ சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாய். கொண்டுவந்து தருவதற்காக உன் பட்டறைக்கு வந்தேன். நான் வாசலில் நின்றதை நீ காணவில்லை. உன் மைஸ்டர், அந்த மீசைக்காரத் தலைமை ஆள், நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அங்கே நின்ற பொடியன்களை விட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டார். நீ வந்து பெற்றோல் தாங்கியில் உள்ளங்கையை வைத்தாய். எங்கள் இல்லத்தில் டொக்டர் வந்து கிழவிகளின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாரே, அப்படி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏதோ சொன்னாய். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கையிலிருந்த திருகுசாவியை உன்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது பிள்ளை. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் தந்துவிட்டு, "தலைமயிரை ஒழுங்காக் கட்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படி ஒரு தாய்!

அன்று பின்னேரம் நீ வந்ததும் கேட்டேன், கையை வைத்து என்ன பார்த்தாய் என்று. நீ சொன்னது எனக்கு இன்னும் பாடம். "என்ஜினுக்குள்ள வெடி வெடிச்சுத்தான் அது சுத்துது அம்மா. வேகமாச் சுத்தேக்க வெடியள் நெருக்கமா வரும், எங்களுக்குத் தனித்தனியாத் தெரியாது. நிக்கேக்க மெதுவாச் சுத்தும், அப்ப ஒவ்வொரு வெடியும் தனிச்சு உதைக்கும். அதுதான் நிக்கேக்க ஆடுறது. கொஞ்சம் ஆடத்தான் வேணும். எந்த ஆட்டம் அதின்ர இயல்பு, எந்த ஆட்டம் நோய் வருத்தம் எண்டு பிரிச்சுப் பாக்கிறதுதான் எங்கட வேலை." நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே "ஓம் ஓம், பெரிய கண்டுபிடிப்பு" என்றேன். உள்ளே எனக்கு வாயெல்லாம் பல்.

இப்படி உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தவள் வெளியே என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நீ சோதினை பாஸ் பண்ணின அதே கோடையில் ஹாம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். தேர் வருகிறது, அத்தனை ஆயிரம் சனம், வெயில். வாய்க்கால் கரையில் ஒரு மர நிழலில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவதான் முகுந்தனின் அம்மா. ஊர்க் கதை, பிள்ளைகள் கதை என்று போனது. மகன் பேர்லினில் மருத்துவத்துறையில் இருக்கிறார் என்று சொன்னா. எனக்கு உடனே காது நிமிர்ந்துவிட்டது. "உங்கட மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டா. "ஒரு மோட்டச்சைக்கிள் கொம்பனியில வேலை" என்றேன். "கந்தோரில மேசை வேலையோ?" என்றா. நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு "ஓம்". தேங்காய் உடைக்கிற சத்தத்தில் அது அவவுக்குக் கேட்டிருக்காது என்றுகூடப் பிறகு ஆசைப்பட்டேன். கேட்டிருந்தது. சாதகம் பொருந்தி, அவர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று சொன்னபோது "கந்தோரில வேலை செய்யிற பிள்ளை" என்றுதான் தொலைபேசியிலும் சொன்னா.

அவர்கள் வருகிற அன்று காலையில் உன் தலைக்கவசத்தையும் பெரிய சப்பாத்தையும் வேலை உடுப்பையும் எடுத்து நிலவறையில் வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். சொன்னேன். நீ என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீயோ "சரி அம்மா" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய். உன்னைத் திரும்பக் கூப்பிடத்தான் வாசல்வரை வந்தேன். ஆனாலும் "போட்டுப் பூட்டிப்போட்டு வா" என்று படியிலிருந்து கத்தினவள் நான்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள். தாயும் தகப்பனும் பாதாள ரயிலில் வந்து இறங்கி நடந்து வந்தார்கள். ஹாம் பக்கத்திலிருந்து வந்து ஒரு கிழமையாக மகனுடைய வீட்டில்தான் நின்றார்களாம். முகுந்தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தச் சத்தம் முற்றத்துக்குள் நுழைந்ததும் உன் தலை குசினிக்குள்ளிருந்து திரும்பியதை நான் கண்டேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். மனிதர் வண்டியை நிறுத்திவிட்டு இருக்கிறார், வண்டி அவரோடு சேர்ந்து நடுங்குகிறது. கைப்பிடிக் கண்ணாடிகள் இரண்டும் பேய் பிடித்தது போல ஆடுகின்றன. டக், டக், டக் என்று தடுமாறி, அவர் சாவியைத் திருகுவதற்கு முன்னமே தானாக நின்றுவிட்டது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "பேசாமல் இரு" என்று கண்ணால் சொன்னேன். நீ தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ சேலையோடு தட்டைக் கொண்டுவந்தபோது முகுந்தன் கையை உதறிக்கொண்டிருந்தார். "நிண்டால் பயங்கரமா ஆடுது, கையெல்லாம் விறைக்குது" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன், "பழைய சாமான் தம்பி. வித்துப்போட்டுக் கார் ஒண்டு எடு எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்றார். நீ குனிந்து அவருக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாய்: "ஓடேக்கயும் ஆடுதோ, நிக்கேக்க மட்டுமோ?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது! முகுந்தன் உன்னை நிமிர்ந்து பார்த்தார். "நிக்கேக்க மட்டும். ஓடினா ஒண்டுமில்லை. போன கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்தது." நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாட்டில் உன் காலை மிதித்தேன். நீ அடங்கிப் போய்த் தட்டோடு திரும்பினாய். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். "நேற்று பெரிய சந்தியில, பின்னால லொறி ஒண்டு வரேக்க அணைஞ்சு போச்சு. நல்ல காலம், அவன் பிறேக் அடிச்சிட்டான்." நீ தட்டை மேசையில் வைத்தாய். என்னை ஒருதரம் பார்த்தாய். "வாங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாய். ஆண்கள் மூன்று பேரும் உன் பின்னால் போனார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கீழே நீ செய்ததை அப்பா எனக்கு எத்தனை தரம் சொல்லிவிட்டார்! வண்டியைத் தொடங்கச் சொன்னாய். கைப்பிடியில் கை வைத்தாய், என்ஜினைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய ஆணிகளைத் தடவிப் பார்த்தாய். காதைக் கொடுத்தாய். கொஞ்சம் முறுக்கினாய், நடுக்கம் போய்விட்டது. விட்டாய், திரும்ப வந்தது. பிறகு சேலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தி, தாங்கிக்குக் கீழே கையை விட்டு அந்தச் சின்னத் திருகாணியைத் தேடிப் பிடித்தாய். வண்டி நிற்கும்போது என்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றவேண்டும் என்பதை அந்தத் திருகாணிதான் சொல்லுமாம். "என்ஜினுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆரோ இதை நல்லாக் குறைச்சு விட்டிருக்கினம்" என்றாய். முகுந்தனின் தகப்பனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டதாம். "கூட்டி வைச்சா நிக்கேக்கயும் பெற்றோல் குடிக்குமே" என்றாராம். "கொஞ்சம் கூடக் குடிக்கும் மாமா. ஆனா இவ்வளவு குறைச்சு வைச்சா ஒயில் ஒழுங்கா ஏறாது, என்ஜின் தேஞ்சு போகும். சந்தியில அணைஞ்சால்…" என்று சொல்லி நிறுத்திவிட்டாய். யார் குறைத்தது என்று நீ கேட்கவேயில்லை. அவர் பக்கம் பார்க்கவுமில்லை. அந்த வயசாளியை அவருடைய மகனுக்கு முன்னால் நீ தலைகுனிய வைக்கவில்லை. அதை எந்தப் பட்டறையில் பழகினாயோ, எனக்குத் தெரியாது.

அந்த நேரம்தான் கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி யன்னலைத் திறந்து "இன்று ஞாயிற்றுக்கிழமை! மோட்டாரை நிறுத்து!" என்று கத்தினா. நீ எழுந்து திரும்பினதும் அவவின் முகம் மாறிவிட்டது. "ஓ, நம்முடைய மெக்கானிக் பெண்ணா! அப்படியென்றால் சரி, செய், செய்" என்று ஜெர்மனில் முற்றம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினா. அவவின் சைக்கிளை நீ திருத்திக் கொடுத்த நன்றிதான். முகுந்தனின் தகப்பன் உன்னைப் பார்த்துக் கேட்டாராம், "மெக்கானிக் எண்டு என்ன சொல்லுறா?" என்று. நீ என்ன சொன்னாய்? "அவ பகிடிக்குச் சொல்லுறா மாமா. நான் கந்தோரிலதான். மெக்கானிக்மாரைப் பாத்துப் பழகினது." அப்பா பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்கிறார். தனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொன்னார். சின்ன வயதிலும் பொய் சொல்லத் தெரியாமல் அகப்பட்டு அகப்பட்டு அடி வாங்கின பிள்ளை நீ.

எல்லோரும் மேலே வந்தீர்கள். முகுந்தனின் தகப்பன் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைத் தொடாமல், "நான்தான் திருகினனான்" என்றார் திடீரென்று. "ஊரில சண்டைக்குள்ள, பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் மணந்து பாக்கவும் கிடையாது. மருந்துப் போத்திலில கொஞ்சம் வைச்சு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். இவன் சிவப்பு லைற்றில சும்மா நிண்டு குடிக்க விடுறதைப் பாக்க எனக்குப் பொறுக்கேல்லை. இவன் வேலைக்குப் போன நேரம் குறைச்சு விட்டனான். சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குப் பெற்றோல்?" சொல்லிவிட்டு நிமிரவில்லை. லொறிக் கதை அவருடைய நெஞ்சில் அப்போதுதான் ஏறியிருந்தது என்று நினைக்கிறேன். முகுந்தன் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். எனக்கு உன் மாப்பிள்ளையை அப்போதுதான் பிடித்தது.

அந்த நேரம் முகுந்தனின் அம்மா உன்னைப் பார்த்து, "இதெல்லாம் எங்க பழகினனீர் பிள்ளை?" என்று கேட்டா. நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கீழே சொன்ன அதே பொய்யை, வசனம் மாறாமல், திரும்பச் சொன்னாய். "கந்தோரிலதான் மாமி…" நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அவ சிரித்துவிட்டு, "காணும் பிள்ளை, விடும். அம்மா எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டா" என்றா. நீ என்னைப் பார்த்த பார்வை! பிறகு குசினிக்குள் வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். "என்னம்மா சொன்னீங்கள்? அவவுக்கு என்ன சொன்னீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். "சும்மா" என்றேன். நேருக்கு நேர் நின்று உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமென்றால் கொட்டுவேன், இது எனக்குப் பழக்கமில்லாதது. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் கீழே நின்றபோது நானும் அவவும் யன்னலடியில் நின்றோம். ஜெர்மன் மனுசி கத்தியது எங்களுக்கும் கேட்டது. "தங்கச்சி, மெக்கானிக் எண்டு உங்கட பிள்ளையையோ சொல்லுறா?" என்று அவ கேட்டா. பிள்ளை, உன்னிடமிருந்த அதே பொய் என் நாக்கு நுனியிலும் இருந்தது. பகிடிக்குச் சொல்கிறா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது நீ திருகாணியைத் திருகிவிட்டாய். நடுக்கம் அடங்கியது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த வண்டிக் கண்ணாடியில் உன் முகம் நிலையாகத் தெரிந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்ற முகம் அல்ல அது. என் பிள்ளை அப்படிச் சந்தோசமாக இருந்ததை நான் நம் வீட்டுக்குள் கண்டதில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"அவ பகிடிக்குச் சொல்லேல்லை அக்கா" என்றேன். "என்ர மகள் மெக்கானிக். கந்தோர் எண்டு நான் உங்களுக்குச் சொன்னது பொய். பட்டறையில, ஆம்பிளையளுக்கு நடுவில நிண்டு மோட்டச்சைக்கிள் திருத்திறா. எனக்கு விருப்பமில்லை எண்டு தெரிஞ்சுகொண்டே போய்ப் படிச்சு, சோதினை எடுத்து, பாஸ் பண்ணினவ. அவவின்ர மைஸ்டரே அவவைக் கூப்பிட்டுக் கேக்கிறதை நான் என்ர கண்ணால கண்டனான். உங்கட மகன் நாளைக்குச் சந்தியில அணையாமல் போவார், அது என்ர பிள்ளையாலதான். உங்களுக்கு இது சரிவராதெண்டால் இப்பவே சொல்லிப்போட்டுப் போங்கோ, நான் கோவிக்கமாட்டன். ஆனா அவவைக் கந்தோர்ப் பிள்ளை எண்டு நினைச்சுக் கொண்டுபோகாதேங்கோ. அப்பிடி ஒரு பிள்ளை இந்த வீட்டில இல்லை."

சொல்லி முடித்தேன். அவ கீழே பார்த்துக்கொண்டே நின்றா. சம்பந்தம் அறுந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் பொய்யைச் சொல்லிப்போட்டு இரவெல்லாம் புரண்டதைவிட அந்தப் பயம் எனக்கு லேசாக இருந்தது. கடைசியில் அவ என் கையைப் பிடித்து, "தங்கச்சி, என்ர மகன் டொக்டர் இல்லை, தெரியுமோ? ஆஸ்பத்திரியில ஆண் தாதி. நோயாளியளைக் குளிப்பாட்டி, மருந்து குடுத்து, தூக்கி இருத்துறவன். மருத்துவத்துறை எண்டு நான் சொன்னவுடன உங்கட முகம் மலர்ந்திட்டுது. சரி, நினைக்கிறதை நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன்" என்றா. நான் வாயைப் பிளந்தேன். டொக்டர் மாப்பிள்ளை என்று அதற்குள் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம் பார், விசர் பிடித்தவர்கள் போல, வயிறு நோகச் சிரித்தோம். நீங்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் துடைத்தோம். அதுதான் பிள்ளை, நீ கேட்ட பதில்.

கல்யாணம் கட்டப்போகிற மகளுக்குத் தாய் புத்தி சொல்லவேண்டுமாம். உனக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வேலை, வீடு, விருந்து என்று ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். வேலையில்லாத நாள், வருத்தத்தில் படுத்திருக்கும் நாள், சும்மா வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் ஆளுக்கு ஆள் உதைப்பது தெரியும். எனக்கும் அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் பேசாமல் யன்னலால் பார்ப்பார், நான் சட்டியைப் போட்டு அடிப்பேன். அது எங்கள் இயல்பு, அதற்காக யாரும் பயப்படவேண்டியதில்லை. உன் முகுந்தனிடம் எது இயல்பு, எது வருத்தம் என்று பிரித்துப் பார்க்க உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் கேள். அவரும் நோயாளிகளின் முகத்தைப் பார்த்து வருத்தம் கண்டுபிடிக்கிறவர்தானே, உன்னை அவர் பார்க்கட்டும். இன்னொன்று, எனக்காக இனிமேல் யாரிடமும் பொய் சொல்லாதே. என் மானத்தை நானே பார்த்துக்கொள்வேன். ஸ்டுட்கார்ட்டில் வேலையோடு வேலையாக நீயும் மைஸ்டருக்குப் படிக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டபோது, நான் இந்த இல்லத்தில் கிழவிகள், தாதிமார், பாண் கொண்டுவருகிற பொடியன் ஒருவரையும் விடாமல் சொன்னேன். பாதிப் பேருக்கு என் ஜெர்மன் விளங்கியிருக்காது, அதனால் திரும்பவும் சொன்னேன்.

நேற்று மணப்பெண் அலங்காரம் செய்கிற பிள்ளை வந்தது. உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீ அங்கால் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "அன்ரி, அக்கான்ர நகத்துக்குள்ள எல்லாம் கறுப்பா இருக்கு. தேய்ச்சாலும் போகாது. வீடியோக்காரர் தாலி கட்டேக்க கையைத்தான் கிட்ட எடுப்பினம். நகத்துக்கு மேல பூச்சுக் கட்டியாப் போட்டு மறைச்சு விடுறன்" என்றது. நான் போட்ட சத்தத்தில் அந்தப் பிள்ளை பயந்துவிட்டது, பாவம். நீ போய் அதைச் சமாதானப்படுத்து. நகத்துக்கு மேல் ஒரு பூச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடியோக்காரனிடமும் நானே பேசிவிட்டேன். கையை நன்றாகக் கிட்டவாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா